சமூக ஊடகத் தரவும் ‘செம்பவாங்’ என்னும் சொல்லும்

செம்பவாங் வட்டாரத் தமிழர் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரிதும் ஆவணக் கோப்புகளையும் வாய்மொழிப் பதிவுகளையுமே சார்ந்துள்ளனர். 1938இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் திறக்கப்பட்டமை, 1968இல் அதன் கப்பற்பட்டறை சிங்கப்பூர் அரசிடம் கைமாறியமை, 1971இல் படைகள் வெளியேறியமை ஆகியன கோப்புகளில் தெளிவாக உள்ளன. அங்கு உழைத்த தமிழர், மலையாளிகள் ஆகியோரின் வீட்டு வாழ்வு அவ்வளவு தெளிவாக இல்லை. அந்நினைவுகளை அவர்தம் வழியினர் இன்று சமூக ஊடகங்களில் எழுதிவருகின்றனர். பைத்தான் நிரல்மொழிகொண்டு இவற்றைத் திரட்டும்போது தமிழ்ச் சொல்லுக்கு நேர்வது என்ன என்பதையே ஈண்டு நோக்குகின்றோம்.

‘செம்பவாங்’ என்பது ஐந்தெழுத்துச் சொல். பைத்தானோ அதன் நீளத்தை ஒன்பது என்கின்றது. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுவதே காரணம். இது சிறு குறையே. பெருங்குறை அடுத்து வருகின்றது. பைத்தானுடன் வரும் சொல்வடிவத் தேடற்கருவி இக்குறிகளை எழுத்தாகவே கொள்வதில்லை. ஆதலின் ஊர்ப்பெயர் ச, ம, பவ, ங என நான்காக உடைகின்றது. சைக்கிட்-லேர்ன் என்னும் பகுப்பாய்வுத் தொகுதியின் இயல்பமைப்பு ஓரெழுத்துத் துண்டுகளையும் நீக்கிவிடும். எஞ்சுவது ‘பவ’ மட்டுமே. இதனை எந்தத் தமிழாசிரியரும் ஊர்ப்பெயராக ஏற்கமாட்டார். எனினும் சொல்லடைவு அட்டவணை பிழைச்செய்தி எதுவுமின்றி உருவாகிவிடும் என்பதே அச்சத்திற்குரியது.

இதன் வேர் வரலாற்றில் உள்ளது. இந்திய மொழிகளுக்கான 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தை அடியொற்றி, 1991இல் வெளிவந்த ஒருங்குறி தமிழையும் மெய்யடி, சார்குறி எனப் பிரித்தே அமைத்தது. நா. கோவிந்தசாமி முன்னின்ற சிங்கப்பூர் முயற்சிகளிலும், 1997இல் இங்கு நடைபெற்ற தமிழிணைய மாநாட்டிலும் குறியாக்கமே முதன்மைச் சிக்கலாக இருந்தது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியுடன் சேர்த்து ஏற்ற டேஸ்-16 முறை ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக்குறி தந்தது. ஆயினும் சமூக ஊடகங்கள் ஒருங்குறியிலேயே இயங்குகின்றன. எனவே தேடற்கருவிக்குத் தமிழ் ஒருங்குறிப் பகுதி முழுவதையும் சொல்லெழுத்தாக நாமே வரையறுத்துத் தருதல் வேண்டும். முத்தையா அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய ‘ஓப்பன்-தமிழ்’ நிரலகம் எழுத்தெண்ணிக்கையைச் சரிசெய்கின்றது.

எழுத்துச் சிக்கல் தீரினும் தெரிவுச் சிக்கல் எஞ்சும். பாரதிராஜா சக்ரவர்த்தி குழுவினர் 2020இல் வெளியிட்ட தமிழ்-ஆங்கிலக் கலப்புத் தரவகம் யூடியூப் கருத்துரைகள் 15,744ஐக் கொண்டது. ஐந்து சொல்லுக்குக் குறைந்தவையும் பதினைந்தைக் கடந்தவையும் அதில் விலக்கப்பட்டன. உணர்வுப் பகுப்பாய்விற்கு இவ்வரம்பு தகும். வரலாற்றாய்விற்குத் தகாது. நீண்ட நினைவுக்குறிப்பே நமக்கு முதன்மைச் சான்று. ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுவோரும் தமிழ் வரிவடிவத் தேடலில் அகப்படார்.

டுவிட்டர் நிறுவனம் ஆய்வாளர்க்கான இலவச அணுகலை 2023இல் நிறுத்திவிட்டது. ஆகவே மீளத் திரட்டலாம் என்று கருதி மூலத்தைத் திருத்துதல் கூடாது. திரட்டிய நாள், தேடுசொற்கள், மாற்றப்படாத மூலப்பாடம் ஆகிய மூன்றையும் எழுதியோர் பெயர்களை நீக்கிய பின்னர்த் தனியே சேமித்தல் வேண்டும்.