அரை நிமிஷ தூரம்

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் சாலையைப் பழைய மனிதர்கள் இன்னும் ஜி.என்.டி. ரோடு என்றுதான் சொல்லுகிறார்கள். கும்மிடிப்பூண்டியில் அந்தச் சாலையோர டீக்கடையொன்றில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். சிப்காட்டில் ஷிப்டு முடிந்து இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள்.

"இதிலே எத்தனை பேர் நேரே வீட்டுக்குப் போவாங்க, சொல்லுங்க சார்?" என்றார் கடைக்காரர்.

ராஜாஜி 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல், ஓமந்தூரார் காலத்தில், அது மாகாணம் முழுவதற்கும் பரவியது. கூலிக்காரன் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்பதே அன்றைய கவலை. அப்போது குடித்தவன் தள்ளாடி வரப்பில் விழுவான். அழுவது அவன் வீடு மட்டுந்தான். சக்கரம் வந்த பிறகு, முன்பின் தெரியாதவன் வீட்டிலும் அழுகை கேட்கிறது.

1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-ல் திரும்பி வந்தது, பிறகு போயிற்று. 2003-ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் சர்க்காரே ஏற்றது. நெடுஞ்சாலையோரக் கடைகளை எதிர்த்து வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 2016 டிசம்பர் 15-ல் தீர்ப்பு வந்தது: நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. அடுத்த மார்ச்சில், 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு அது 220 மீட்டராகக் குறைந்தது. ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை இல்லை என்று விளக்கமும் வந்தது.

நல்ல நோக்கந்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 500 மீட்டர் என்பது அரை நிமிஷம். சட்டம் அனுமதிப்பதோ 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் சாராயம். அதைப் போல் இரண்டு மடங்கு ஏற்றிக்கொண்டவன் அந்த அளவுக்கு இறங்கச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். ரத்தத்திலிருந்து மணிக்கு 15 மில்லிகிராம் போலத்தான் கழிகிறது. கோர்ட்டு தூரத்தை அளந்தது; உடம்போ நேரத்தைக் கேட்கிறது.

நான் எழுந்திருக்கும் சமயம் ஒரு பையன் வண்டியைச் சாய்த்து நிறுத்த முடியாமல் திண்டாடினான். கடைக்காரர் போய் வண்டியைப் பிடித்தார்; சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"டீ குடிச்சா தெளிஞ்சிடுமா?" என்றேன்.

"தெளியாது சார். ஆனா சாவி எங்கிட்டே இருக்கே! தெளியிற வரைக்கும் உட்காந்திருக்கட்டும்."

பையன் முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சியில் உட்கார்ந்தான்.