மாண்ட மன்னனும் ஆண்ட மன்னனும்

சரித்திரப் படம் எடுக்கிறவருக்கு மாண்டுபோன மன்னர்களால் தொல்லை கிடையாது. நாட்டை ஆண்டுகொண்டிருப்பவரால்தான் தொல்லை. ஸோவியத் டைரக்டர் ஐஸன்ஸ்டீனின் கதையைக் கேளுங்கள்.

1938-ல் அவர் 'அலெக்ஸாண்டர் நெவ்ஸ்கி' எடுத்தார். 1242-ல் உறைந்துபோன ஏரியின்மேல் ஜெர்மானியக் குதிரைவீரர்களை ரஷ்யர்கள் முறியடித்த வரலாறு அது. அந்தப் பனிப் போரைக் கோடைக்காலத்தில் படம் பிடித்தார்கள்! ஜனங்கள் கொண்டாடினார்கள். மறு வருஷம் ஆகஸ்டில் ஹிட்லருடன் ஸ்டாலின் ஒப்பந்தம் செய்துகொண்டார். படம் பெட்டிக்குள் போயிற்று. 1941 ஜூனில் ஜெர்மானியப் படை எல்லை தாண்டியது. படம் மறுபடி திரைக்கு வந்தது.

அடுத்தது, 16-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவை ஆண்ட 'பயங்கர ஐவான்' கதை. ஐவானிடம் ஸ்டாலினுக்கு மிகுந்த அபிமானம். முதல் பாகத்துக்கு ஸ்டாலின் பரிசே கிடைத்தது. இரண்டாம் பாகத்திலோ ஐவான் தான் சிந்திய ரத்தத்தை எண்ணிக் கலங்குகிறான். அங்கேதான் வந்தது வினை. 1946-ல் படத்துக்குத் தடை. 1947 பிப்ரவரியில் ஓர் இரவு, இருதய நோயாளியான டைரக்டரையும் ஐவானாக நடித்த செர்க்காஸவையும் கிரெம்ளினுக்கு வரவழைத்தார் ஸ்டாலின். ஐவானை ஹாம்லெட் மாதிரி உறுதியற்றவனாகக் காட்டிவிட்டதாகக் குறை சொன்னார். படத்தைத் திருத்த அனுமதியும் கொடுத்தார்.

ஐஸன்ஸ்டீன் திருத்தவில்லை. 1948 பிப்ரவரியில், 50 வயதில், மாரடைப்பால் காலமானார். 1953-ல் ஸ்டாலினும் போனார். 1958-ல் படம் வெளிவந்தபோது, எடுத்தவரும் இல்லை, தடுத்தவரும் இல்லை. ஐவான் மட்டும் திரையில் கலங்கி நின்றான்.