அறுபது மில்லி விநாடி

சேக்காட்டில் வீடு மாறினால் சாமான் ஏற்றும்போது அடுப்பை அணைத்தே ஆகணும். ஓடுகிற மெய்நிகர் இயந்திரத்தை வேறு சர்வருக்கு மாற்றும்போது அடுப்பும் அணையாது, மேலே காய்கிற பாலும் பொங்காது.

இதன் வேர் 1985இல், ஸ்டான்ஃபோர்டின் வி-சிஸ்டத்தில். மார்வின் தெய்மர் குழு ஓடும் புரோகிராமின் நினைவகத்தை நகலெடுத்தது. அதற்குள் மாறிப்போன பக்கங்களை மட்டும் மறுபடி எடுத்தது. மிச்சம் சொற்பமானதும் இங்கே நிறுத்தி அங்கே எழுப்பியது. 2003இல் விஎம்வேர் இதை முழு இயந்திரத்துக்கும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005இல் கேம்பிரிட்ஜின் கிறிஸ்டோபர் கிளார்க் குழு, ஆட்டம் நடந்துகொண்டிருந்த க்வேக் 3 சர்வரையே நகர்த்திக் காட்டியது. நின்றது வெறும் 60 மில்லி விநாடி! கண் இமைப்பதற்கே அதைவிட அதிக நேரமாகும்.

ஆனால் ஓயாமல் எழுதப்படும் பக்கங்கள் சில எப்போதும் உண்டு. அவற்றை எத்தனை முறை நகலெடுத்தாலும் வீண் என்பதையும் அந்தக் குழுவே எழுதிவைத்தது. நான்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தேன். "நிக்கவே நிக்காது சார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஒரு ராத்திரி சேக்காட்டு வீட்டிலிருந்தே டேட்டாபேஸ் சர்வர் ஒன்றை வேறு கிளஸ்டருக்குத் தள்ளினேன். நகலெடுக்கும் வேகத்தை எழுதும் வேகம் முந்திக்கொண்டே இருந்தது. மூணு மணிக்கு போன் போட்டு, "சார், ரெண்டு நிமிஷம் நிறுத்திக்கட்டுமா?" என்று கேட்டேன்.