அணுக்கதிர் இதயப் படமும் ஒத்திசைவு பேஸ்மேக்கரும்

இதயச் செயலிழப்புள்ளவர்களுக்குப் பொருத்தும் ஒத்திசைவு பேஸ்மேக்கர் (சிஆர்டி) பலன் தருமா, தந்ததா என்று காமா கேமராவால் மதிப்பிடும் முறை இது. இடப்பக்க மின்பாதை அடைபட்டால் இடது கீழறையின் இடைச்சுவர் முந்திச் சுருங்கும், வெளிச்சுவர் பிந்தும். தூத்துக்குடிக் கரையோரத்தில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரு கயிற்றிலும் ஆட்கள் ஒருசேர இழுக்காவிட்டால் வலை கோணிவிடும், மீன் தப்பிவிடும். இதயத்திலோ இரத்தம் வெளியேறாமல் அறையிலேயே தங்கிவிடுகிறது.

இரு கீழறைகளையும் சேர்த்துத் தூண்டும் இக்கருவிக்கு அமெரிக்காவில் 2001இல் ஒப்புதல் கிடைத்தது. ஆனாலும் பொருத்திக்கொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பலன் தெரிவதில்லை.

படம் எடுக்க, டெக்னீசியம்-99எம் சேர்த்த செஸ்டாமிபி மருந்தைக் கையில் ஊசியாகப் போடுகிறார்கள். உயிருள்ள இதயத்தசை அதை ஈர்த்துக்கொள்ளும். ஈரலில் தேங்கியது வடியட்டும் என்று பால் குடிக்கச் சொல்வதும் உண்டு. பிறகு கைகளைத் தலைக்கு மேல் வைத்துப் படுத்திருக்க, கேமரா மார்பைச் சுற்றி வரும். ஈசிஜியோடு இணைந்து ஒவ்வொரு துடிப்பும் 8 அல்லது 16 துண்டுகளாகப் பதிவாகும். சுருங்கித் தடிக்கும் தசை படத்தில் கூடுதலாக ஒளிர்வதால், எந்த இடம் எப்போது சுருங்கத் தொடங்கியது என்பதைக் கணினி கணக்கிட்டுவிடும். எமரி பல்கலைக்கழகத்தின் ஜி சென் குழு 2005இல் வெளியிட்ட முறை இது. சீரான இதயத்தில் இந்த நேரங்களின் வரைபடம் ஊசிபோல் ஒடுங்கி உயரும். சீர்கெட்டதில் அகன்று படுத்திருக்கும். துடிப்பே தாறுமாறாக இருந்தால் இந்தக் கணக்கு நிற்காது.

இதன் பெரிய பயன், அதே ஊசியில் மாரடைப்புத் தழும்பும் தெரிந்துவிடுவது. செத்த தசையில் பேஸ்மேக்கரின் வயரைப் பதித்தால் தூண்டல் சரியாகப் பரவாது. கடைசியாகச் சுருங்கும், ஆனால் உயிருள்ள இடமே தேவை. கருவி பொருத்திச் சில மாதம் கழித்து மறுபடம் எடுப்பார்கள். சுருங்கி முடித்த இடது கீழறையின் கொள்ளளவு 15 சதவீதமாவது குறைந்திருந்தால் பலன் உண்டு என்று கொள்வது வழக்கம்.

கருவி யாருக்கு என்பதை முடிவுசெய்வதில் ஈசிஜியின் இடத்தை இந்தப் படம் இன்னும் பிடிக்கவில்லை. எக்கோ அளவுகளை நம்பி ஆள் தேர முடியாது என்று 2008இல் பிராஸ்பெக்ட் ஆய்வு காட்டியபின் அணுக்கதிர்ப் படத்தின்மேல் எதிர்பார்ப்பு கூடியது. இந்தப் படமுறையைச் சோதித்த, சர்வதேச அணுசக்தி முகமையின் விஷன்-சிஆர்டி ஆய்வில் இந்தியாவும் பங்கேற்றது. இதற்கிடையே சிஆர்டிக்கு மாற்றாக, இடது மின்கிளையையே நேராகத் தூண்டும் புதுமுறை பரவிவருகிறது. மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதுபற்றி ஆய்வுகள் வெளியிட்டுள்ளனர்.

படத்துக்கான டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம்தான் என்பதால் சேமித்து வைக்க வழியில்லை. மாலிப்டினம்-99 அடைத்த ஜெனரேட்டரை வரவழைத்து, மாட்டைக் கறப்பதுபோல் வேண்டும்போது கறந்துகொள்கிறார்கள். மாலிப்டினத்துக்கு அரை ஆயுள் 66 மணி நேரம்; வாரக் கடைசியில் மடி வற்றிப்போயிருக்கும்.