கம்பிவேலி வாசலிலிருந்து விமான நிலையம் வரை

பாரோயிலிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்குக் காரில் போக அதிக நேரம் பிடிப்பதில்லை. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் பலருக்குப் பொறுமை சோதிக்கப்படுகிறது. இடுப்பு வாரைக் கழற்று, கைத்தொலைபேசியைத் தட்டில் வை, கைகளை விரித்து நில் என்று வரிசையில் கட்டளைகள் வருகின்றன. பேத்திக்காகக் கைப்பையில் எடுத்துச் சென்ற ஊறுகாய்ப் புட்டி குப்பைத் தொட்டிக்குப் போகிறது. ஏன் என்று கேட்டால், "ரூல்ஸ்" என்ற ஒற்றைச் சொல்தான் பதில். இளையவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

ஆனால், எண்பது வயதைத் தாண்டிய தோட்டத்துப் பாட்டிமார்கள் பலர் முணுமுணுப்பதில்லை. வாசலில் வரிசையாக நிற்பதும், உடம்பைத் தடவிப் பார்க்கும் கைகளுக்கு இணங்கி நிற்பதும் அவர்களுக்குப் புதியவை அல்ல. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் சிறுமிகளாக இருந்தபோதே அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் அவர்கள்.

லயத்தைச் சுற்றிய வேலி

1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. காட்டுக்குள் இருந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் மருந்தும் செய்தியும் வெளியிலிருந்தே போய்க்கொண்டிருந்தன. அந்த வழியை அடைத்துவிட்டால் காட்டுக்குள் இருப்பவர்கள் பசியால் வெளியே வருவார்கள் என்பதே ஆங்கிலேய ஆட்சியின் கணக்கு. அந்த ஆண்டே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது. இன்று எல்லார் சட்டைப் பையிலும் இருக்கும் ஐசிக்கு மூலம் அதுதான்.

1950ல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. சுமார் 5 லட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் வாழ்ந்த சுமார் 6 லட்சம் பேரும் இதே காலத்தில் ஒன்றுதிரட்டி வைக்கப்பட்டார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர்களில் தமிழர்கள் ஏராளம். சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்துக்குக் கொண்டு வரப்பட்டன. சுற்றிலும் முள்கம்பி வேலி எழுந்தது. இரவில் ஊரடங்கு, விடிந்ததும் வாசலில் சோதனை.

சிரம்பான் வட்டாரம் இதன் கடுமையை நன்றாகவே அனுபவித்தது. 1952 ஆகஸ்டில் இங்கே "ஹைவ்" என்ற பெயரில் பெரிய ராணுவ நடவடிக்கை ஒன்று நடந்தது. வாசலில் நின்ற காவலர்கள் தொழிலாளியை மட்டும் சோதிக்கவில்லை. சைக்கிள் குழாய்க்குள் அரிசி கடத்தப்பட்டதால் சைக்கிளும் சோதிக்கப்பட்டது. இரட்டை அடிப்பாகம் வைத்த வாளிகள் பிடிபட்டதால் பால் வாளியும் கவிழ்த்துப் பார்க்கப்பட்டது. கடையில் வாங்கும் டின் உணவு, வாங்கிய இடத்திலேயே துளையிட்டுத் தரப்பட்டது. துளையிட்ட டின்னைக் காட்டில் சேமித்து வைக்க முடியாது அல்லவா? பிற்காலத்தில் சில இடங்களில் அரிசிக்குப் பதிலாகச் சோறே சமைத்து விற்கப்பட்டது. சோறு ஒரே நாளில் புளித்துவிடும் என்பதே காரணம்.

பால்மரம் வெட்டுபவருக்குக் காலை நேரம்தான் கூலி. வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் மரம் நன்றாகப் பால் சுரக்கும். வாசல் வரிசையில் போகும் ஒவ்வொரு நிமிடமும் மங்கில் விழவேண்டிய பாலைக் குறைத்தது. உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில், நிரையில் வைத்துப் பசியாறுவதற்கு ஒரு பிடி சோறும் எடுத்துச் செல்ல முடியவில்லை. யாரோ காட்டில் இருந்ததற்காக, வேலிக்குள் இருந்தவர்கள் வெறும் வயிற்றோடு வேலை செய்தார்கள்.

இத்தனைக்கும் அந்தச் சோதனை பலனற்றது என்று சொல்லிவிட முடியாது. உணவுத் தடை கம்யூனிஸ்டுகளின் பலத்தை ஒடுக்கியது என்பதை வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுக்கு வந்தது. சோதனை தேவைதானா என்ற கேள்விக்கு இதில் விடை உண்டு. எப்படிச் சோதிப்பது, சோதிப்பவரை யார் சோதிப்பது என்ற கேள்விகளுக்கு விடை வேறோர் ஊரில் தேடப்பட்டது.

செமினி எழுப்பிய கேள்வி

அந்த ஊர் செமினி. சிலாங்கூர் மாநிலத்தின் காஜாங் வட்டாரத்தில், நெகிரி செம்பிலான் எல்லைக்கு அருகில் இருப்பது. அங்கும் உணவுச் சோதனை கடுமையாக நடந்தது. வாசலில் பெண்கள் ஆடை களையப்பட்டுச் சோதிக்கப்படுகிறார்கள் என்ற புகார் எழுந்தது. முன்னர் இத்தகைய புகார் முள்கம்பிக்கு உள்ளேயே அடங்கிப் போயிருக்கும். ஆனால் 1955 ஜூலையில் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்து, துங்கு அப்துல் ரஹ்மான் முதலமைச்சராகியிருந்தார். மக்களின் வாக்கைக் கேட்டு வந்தவர்களிடம் மக்களும் கேள்வி கேட்கலாம் என்ற நிலை பிறந்திருந்தது.

1956ல் செமினி சோதனைகள் குறித்து அதிகாரபூர்வ விசாரணை நடந்தது. அறிக்கையும் அச்சிட்டு வெளியிடப்பட்டது. காட்டில் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, வாசலில் நின்ற காவலரின் கை எங்கே வரை போகலாம் என்று ஓர் அரசு விசாரிக்க வேண்டியதாயிற்று. சுதந்திரத்துக்கு முந்திய இந்த நாட்டில் சாதாரண மக்கள் பெற்ற ஒரு முக்கியமான உரிமை இது. சோதனைக்கு உட்பட்டவரும் கணக்குக் கேட்கலாம் என்பதே அந்த உரிமை.

வாசல் மாறியது, வரிசை மாறவில்லை

பிறகு சோதனை வாசல் விமான நிலையத்துக்கு இடம்பெயர்ந்தது. விமானக் கடத்தல்கள் பெருகியதால், 1973 ஜனவரியில் அமெரிக்கா எல்லாப் பயணிகளையும் சோதிக்கத் தொடங்கியது. 1974ல் அனைத்துலகச் சிவில் விமான அமைப்பு பாதுகாப்புக்கென்றே தனி விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டது.

மலேசியா பெற்ற அடி 1977 டிசம்பர் 4ஆம் நாள் விழுந்தது. பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வந்த மாஸ் 653 விமானம் கடத்தப்பட்டு, ஜொகூர் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 100 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விவசாய அமைச்சர் அலி ஹாஜி அகமதுவும் அவர்களில் ஒருவர். ஊறுகாய்ப் புட்டிக்குத் தடையாக நிற்கும் 100 மில்லிலிட்டர் விதியும் சும்மா வந்ததல்ல. திரவ வெடிமருந்தால் விமானங்களைத் தகர்க்கும் சதி 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் அம்பலமானதன் விளைவு அது. ஆகவே சோதனையே வேண்டாம் என்று சொல்பவர்கள் அந்த 100 பேரின் குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் மக்களின் எரிச்சலும் காரணமில்லாதது அல்ல. 2009 ஏப்ரலில் இந்தியாவின் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் டெல்லி விமான நிலையத்தில் அமெரிக்க விமான நிறுவன ஊழியர்களால் உடல் சோதனைக்கு ஆளானார். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஜூலையில் செய்தி வெளியானதும் நாடாளுமன்றம் கொதித்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2021 அக்டோபரில், செயற்கைக் காலோடு ஆடிப் புகழ்பெற்ற நடனமணி சுதா சந்திரன், விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் அந்தக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று பிரதமருக்குப் பகிரங்கமாக முறையிட்டார். பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. இருவருக்கும் பதில் கிடைத்தது. பெயரில்லாத ஒரு தோட்டத்துப் பாட்டி முறையிட்டால் யார் பதில் சொல்வார்கள்?

இன்னொரு பக்கமும் உண்டு. 2014 மார்ச் 8ஆம் நாள் எம்எச் 370 விமானத்தில் திருடப்பட்ட கடப்பிதழ்களோடு இருவர் ஏறினர். அவர்களுக்கும் பயங்கரவாதத்துக்கும் தொடர்பில்லை என்றே பின்னர் தெரிந்தது. ஆனால் அந்தக் கடப்பிதழ்கள் இன்டர்போல் பட்டியலில் இருந்தன, அந்தப் பட்டியல் பார்க்கப்படவில்லை என்பது உலகையே திகைக்க வைத்தது. இடுப்பு வாரைக் கழற்றிப் பார்த்த ஏற்பாடு, பார்த்திருக்க வேண்டிய பட்டியலைப் பார்க்கவில்லை. வரிசை நீளமாக இருப்பதாலேயே பாதுகாப்பு பலமாக இருக்கிறது என்று பொருளாகிவிடாது.

மேற்பார்வையாளருக்கும் மேற்பார்வை

2018 பிப்ரவரியில் மலேசிய சிவில் விமான ஆணையம் தனி அமைப்பாகச் செயல்படத் தொடங்கியது. மறு ஆண்டு நவம்பரிலேயே அமெரிக்கா அதன் பறப்புப் பாதுகாப்பு மேற்பார்வையில் குறை கண்டு தரத்தைக் குறைத்தது. குறைகள் சரிசெய்யப்பட்டு, 2022 அக்டோபரில்தான் பழைய தரம் திரும்பக் கிடைத்தது. அது அவமானம் என்று சிலர் வருந்தினர். உண்மையில் அது நல்ல பாடம். கண்காணிப்பவரும் கண்காணிக்கப்பட்டால்தான் குறை தெரிகிறது, தெரிந்தால்தான் திருந்துகிறது.

அதே பாடம் சோதனை வரிசைக்கும் வர வேண்டும். பெண்ணைப் பெண்ணே சோதிப்பதும், உடலில் கருவி பொருத்தியவருக்கு மறைவான அறையும், பொருளைப் பறிக்கும்போது காரணம் சொல்வதும் சலுகைகள் அல்ல. முறையிட ஓரிடமும், முறையீடு என்ன ஆயிற்று என்று மக்கள் படிக்கும்படியான ஆண்டறிக்கையும் இருக்க வேண்டும். செமினி விசாரணை அறிக்கையை 1956ல் அச்சிட்டு வெளியிட முடிந்ததென்றால், இன்று அது முடியாத காரியமல்ல.

கம்பிவேலி வாசலில் நின்ற தலைமுறை கேள்வி கேட்க வழியில்லாமல் நின்றது. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு வாக்குரிமை இருக்கிறது, கேட்கத் தெரிந்த மொழியும் இருக்கிறது. வரிசையில் பொறுமையாக நிற்பது அவர்கள் கடமை. வெளியே வந்த பிறகு, முறையாக எழுதிக் கேட்பதும் அவர்கள் கடமைதான்.