இரண்டு திரைகள்: சபைக்கு எது, உங்களுக்கு எது?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் விபரங்கள், காணி விடுவிப்புக் கோரிக்கைகள், சாட்சியங்கள் என்பவற்றைப் படவில்லைகளாகத் தயாரித்துக் கூட்டங்களில் காண்பிப்பது இன்று வழமையாகிவிட்டது. படவில்லையில் 'சாட்சி 1' என்று மட்டும் எழுதியிருப்போம். பேசுபவருக்காக அதன் கீழே எழுதிய குறிப்பில் உண்மைப் பெயரும் ஊரும் இருக்கலாம். திரை மாறிவிட்டால் அந்தப் பெயரை மண்டபமே வாசித்துவிடும். கூட்டத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள், யார் கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறார்கள் என்பது எப்போதும் நமக்குத் தெரிவதில்லை.

இணைக்கும் முறைகள்

ஒரு கணினியில் பல திரைகளைப் பயன்படுத்தும் வசதி 1987இல் வெளிவந்த மக்கின்டொஷ் 2 கணினியிலேயே இருந்தது. விண்டோஸில் அது விண்டோஸ் 98உடன் வந்தது. புரொஜெக்டரையும் கணினி இன்னொரு திரையாகவே கருதுகிறது.

விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் ஒன்றாக அழுத்தினால் நான்கு தெரிவுகள் தோன்றும். அவற்றில் இரண்டை அறிந்திருப்பது அவசியம்.

டூப்ளிகேட்: மடிக்கணினியில் உள்ளது அப்படியே சுவரிலும் தெரியும். திறந்திருக்கும் கோப்புகள், வந்து விழும் வட்ஸ்அப் செய்திகள் எல்லாம் இதில் அடங்கும்.

எக்ஸ்டெண்ட்: இரண்டு திரைகளும் தனித்தனியாக இயங்கும். சுவரில் படவில்லை மட்டும் தெரிய, குறிப்புகள் உங்களிடம் இருக்கும். நீங்கள் தெரிவு செய்ய வேண்டியது இதனையே.

பேசுபவருக்கான காட்சி

மைக்ரோசொப்ட் பவர்பொயின்டில் இதற்கு 'பிரசென்டர் வியூ' என்று பெயர். நடப்புப் படவில்லை, அடுத்த படவில்லை, குறிப்புகள், கடந்த நேரம் ஆகியவை இதில் தெரியும். 2013 பதிப்பிலிருந்து, இரண்டாவது திரை இருந்தால் இது தானாகவே இயங்கும். குறிப்புகள் தவறுதலாகச் சுவரில் விழுந்தால், அக்காட்சியின் மேற்பகுதியிலுள்ள 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' ஊடாக இரு திரைகளையும் இடம்மாற்றலாம்.

கட்டணமின்றிக் கிடைக்கும் லிப்ரே ஒஃபிஸ் இம்பிரஸ் மென்பொருளில் இதே வசதி 'பிரசென்டர் கன்சோல்' எனப்படுகிறது. எந்தத் திரையில் படவில்லை தெரிய வேண்டும் என்பதை 'ஸ்லைட் ஷோ செட்டிங்ஸ்' பகுதியில் தீர்மானிக்கலாம்.

கூட்டத்துக்கு முன்னர்

சனம் வந்து அமர்வதற்கு முன்பே புரொஜெக்டரை இணைத்து, ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். வீட்டில் ஒரே திரைதான் இருக்கிறது என்றால், பவர்பொயின்டில் 'ஒல்ட்' விசையுடன் 'எஃப் 5' விசையை அழுத்தி, பேசுபவருக்கான காட்சியில் பயிற்சி செய்யலாம். செய்தி அறிவித்தல்களை நிறுத்திவிடுங்கள். சூம் போன்ற இணையவழிக் கூட்டங்களில் முழுத் திரையையும் பகிராமல், படவில்லைக் காட்சியை மட்டும் பகிருங்கள்.

இடையில் ஒரு தாய் எழுந்து பேசத் தொடங்கினால் 'பி' விசையை மட்டும் அழுத்துங்கள். சுவர் கறுப்பாகிவிடும், எல்லோருடைய பார்வையும் அவரிடம் திரும்பும். மீண்டும் அழுத்தினால் படவில்லை திரும்ப வரும்.

கோப்பும் பேசும்

திரையைச் சரியாக அமைத்தாலும் குறிப்புகள் கோப்புக்குள் அப்படியே இருக்கும். கூட்டம் முடிந்ததும் "அந்தக் கோப்பை அனுப்புங்கள்" என்று கேட்பவருக்கு அனுப்பினால், குறிப்புகளும் சேர்ந்தே போகும். பவர்பொயின்டில் 'இன்ஸ்பெக்ட் டொக்யுமென்ட்' என்ற வசதியால் அவற்றை நீக்கலாம். மூலக்கோப்பு அழியாதிருக்க, ஒரு பிரதியில் இதனைச் செய்யுங்கள். அல்லது படவில்லைகளை மட்டும் பி.டி.எஃப் ஆக்கி அனுப்பலாம்.

எல்லாவற்றிலும் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. வெளியே தெரியக்கூடாத பெயரைக் குறிப்பிலும் எழுதாதீர்கள். இலக்கமொன்றை இட்டு, அந்த இலக்கம் யாருடையது என்பதை வேறொரு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். வயர் மாறினாலும் திரை மாறினாலும், நம்மை நம்பிச் சொன்னவருக்குப் பாதிப்பு வராது.