நடுவில் நிற்கும் நடனம்

1879 டிசம்பர் 29, திருச்சுழியில் ஆருத்ரா தரிசனம். நடராசர் ஊர்வலம் முடிந்து கோயிலுக்குத் திரும்பும் நேரம், நள்ளிரவு தாண்டி, ஊர் வக்கீல் சுந்தரமய்யர் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அழைத்த குழந்தை. இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் குழந்தையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்த ஊர்வலத்தின் மேல் ஒரு கண். ஆடுகிற சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருச் சுற்றுகிற ஊர் அது.

சாமி மட்டுமில்லை, இந்த வட்டாரத்தில் மனிதர்களும் ஆடுவார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, கமுதி, விளாத்திகுளம் என்று எந்தப் பக்கம் கரிசலில் இறங்கினாலும் தேவராட்டம், ஒயிலாட்டம், கரகம், கும்மி என்று ஏதாவது ஒன்று உண்டு. மழை பொய்த்த வருஷத்திலும் பங்குனிப் பொங்கலுக்கு உறுமிச் சத்தம் கேட்கும். ஆனால் இங்கே ஒரு பிள்ளை “நான் காலேஜ்ல டான்ஸ் படிக்கப் போறேன்” என்று சொன்னால், அது தேவராட்டமாக இருக்காது. பரதநாட்டியமாகத்தான் இருக்கும். ஏன்?

இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் தேடினால் அமெரிக்கா, பாரிஸ், அடையாறு என்று சுற்ற வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகம் என்ற இடத்துக்குள் நடனம் எப்படி நுழைந்தது, எதற்காக நுழைந்தது என்ற கதை அது.

கூடைப்பந்து டீச்சரும் நட்கிராக்கர் மாஸ்டரும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஹெச்'டப்ளர் என்று ஓர் ஆசிரியை. படித்தது உயிரியல். வேலை, பெண்களுக்கு உடற்கல்வி, கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவர். கல்லூரிப் பெண்கள் படிக்கத் தகுந்த நடனம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவர நியூயார்க் போனார். அங்கே கண்ட நடனப் பள்ளிகள் பலவும் அவருக்குத் திருப்தி தரவில்லை. திரும்பி வந்து தானே ஒரு வழியை உருவாக்கினார். மாணவிகளைத் தரையில் படுக்கச் சொல்வார். புவியீர்ப்பை எதிர்த்து நிற்க வேண்டாத நிலையில் மூட்டு எப்படி அசைகிறது, முதுகெலும்பு எப்படித் திரும்புகிறது என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பறையில் ஓர் எலும்புக்கூடு நிற்கும். 1926இல் அங்கே நடனம் பட்டப் படிப்பானது, அமெரிக்காவிலேயே முதல்முறையாக. தொழில்முறை நடனக்காரர்களைத் தயாரிப்பது அவருடைய நோக்கமே இல்லை. நடனத்தின் வழியாக ஒரு மனிதர் தன்னை அறிவதுதான் நோக்கம்.

கால் நூற்றாண்டு கழித்து, 1951இல், வில்லம் கிறிஸ்டென்சன் யூட்டா பல்கலைக்கழகத்தில் பாலேயைப் பாடமாக்கினார். இவர் மேடை மனிதர். 1944இல் சான்பிரான்சிஸ்கோவில் ‘நட்கிராக்கர்’ பாலேயை அமெரிக்காவில் முதல்முறையாக முழுமையாக மேடையேற்றியவர். இவருக்கு ஆடத் தெரிந்தவர்கள் வேண்டும். வகுப்பில் வியர்வை சிந்தி, மேடையில் நின்று, சம்பளம் வாங்கும் கலைஞர்கள் வேண்டும்.

இன்றைக்கும் உலகத்தில் பாலேயை மையமாக வைத்த எந்தப் பல்கலைக்கழகத் துறையை எடுத்துக்கொண்டாலும், இந்த இருவரும் அதற்குள் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். தினமும் பாலே வகுப்பு, உடற்கூறியல், வரலாறு, நடன அமைப்பு, கற்பிக்கும் முறை, கடைசியில் மேடை. நல்ல உடலை உருவாக்குவதா, நல்ல சிந்தனையை உருவாக்குவதா? இரண்டும் என்றுதான் எல்லாத் துறைகளும் சொல்லும். வாரத்துக்கு எத்தனை மணிநேரம் எதற்கு என்று கால அட்டவணையைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஆனால் இருவருமே தொடாத ஒரு கேள்வி உண்டு. ‘மையம்’ என்று ஒரு நடனத்தை வைத்தால், மற்றவை எல்லாம் எங்கே போய் நிற்கும்?

அரண்மனையிலிருந்து வந்த இலக்கணம்

பாலேவுக்கு மையத்தில் நிற்பது புதிதில்லை. பிறந்ததே அரண்மனையில். 1661இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி 13 நடன ஆசிரியர்களை வைத்து நடனத்துக்கென்று ஓர் அகாதெமி தொடங்கினார். பாதங்களுக்கு ஐந்து நிலைகள் வகுத்தவர் என்று பியேர் போஷாமின் பெயர் சொல்லப்படுகிறது. இன்றைக்கும் மாஸ்கோவில் ஆடினாலும் டோக்கியோவில் ஆடினாலும் பாலேயின் கலைச்சொற்கள் பிரெஞ்சுதான். ராஜா போனார், இலக்கணம் தங்கிவிட்டது. 1738இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரசுப் பள்ளி வந்தது. அரண்மனை, அரசு, பல்கலைக்கழகம். புரவலர்கள் மாறிக்கொண்டே வந்தாலும் நாற்காலி எப்போதும் முன்வரிசையில்.

நம் ஊர் நடனம் இந்த உலகத்துக்குள் எட்டிப் பார்த்தது 1838இல். திருவந்திபுரத்திலிருந்து அம்மணி உள்ளிட்ட தேவதாசிகளின் குழு ஒன்று பாரிஸ் போய் ஆடியது. கவிஞர் தியோஃபில் கோத்தியே அவர்களைப் பார்த்து உருகி எழுதினார். இதே கோத்தியேதான் 1841இல் வந்த ‘ஜிசெல்’ பாலேயின் கதையை எழுதியவர்களில் ஒருவர். பின்னால் 1877இல் பெத்திபா ‘லா பயதேர்’, அதாவது ‘கோயில் நடனக்காரி’ என்ற பாலேயை ரஷ்யாவில் உருவாக்கினார். தேவதாசி பாலேவுக்குள் போய்விட்டாள், ஒரு கதாபாத்திரமாக. அவளுடைய அடவு போகவில்லை. உடை போனது, சோகம் போனது, கால் மட்டும் ஐரோப்பியக் கால்.

எதிர்த்திசைப் பயணம்

தொண்ணூறு வருஷம் கழித்து ஒரு தமிழ்ப் பெண் எதிர்த்திசையில் நடந்தார். ருக்மிணி தேவி, 1904இல் மதுரையில் பிறந்தவர். அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறை இன்ஜினியர், தியோசாபிகல் சொசைட்டிக்காரர். 1928இல் பம்பாய்க்கு வந்த அன்னா பாவ்லோவாவின் நடனத்தைப் பார்த்தார் ருக்மிணி. பிறகு ஆஸ்திரேலியக் கப்பல் பயணத்தில் இருவருக்கும் நட்பு. பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே கற்றுக்கொண்டார். உன் நாட்டு நடனத்தைத் தேடிப்போ என்று பாவ்லோவா சொன்னதாக வரலாறு. அவர் தேடிப்போனார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் கற்றார். 1935 டிசம்பரில் அடையாறில் மேடையேறினார். 1936இல் பின்னாளில் கலாக்ஷேத்ரா என்று பெயர் பெற்ற பள்ளியைத் தொடங்கினார்.

அவருடைய நோக்கம் பெரியது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நடனம் மட்டும் தெரிந்தால் போதாது. மாணவி பாட வேண்டும், சம்ஸ்கிருதம் படிக்க வேண்டும், ஓவியம் பார்க்க வேண்டும். 1937இலேயே நெசவுக்கூடம் தொடங்கிவிட்டார். கலாக்ஷேத்ரா புடவை என்று தனிப் பெயரே உண்டு. நெசவு ஊரான அருப்புக்கோட்டைக்காரனுக்கு இது சும்மா ஒரு தகவல் இல்லை. தேவாங்கரும் சாலியரும் குழித்தறியில் உட்கார்ந்து மிதி மாற்றுகிற கணக்கும் ஒரு தாளக் கணக்குதான். அதையும் நடனத்தையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவர ஒருவருக்குத் தோன்றியதே, அந்த யோசனை இன்றைய பல நடனத் துறைகளிடம் கிடையாது. 1944இல் ‘குற்றாலக் குறவஞ்சி’, பிறகு ஆறு பகுதிகளாக ராமாயணம் என்று குழுவாக ஆடும் நாட்டிய நாடகங்கள் வந்தன. தனியொருத்தி ஆடிய சதிர், வரிசையும் ஒளியமைப்பும் கொண்ட அரங்கக் கலையானது. பாலே கொடுத்துப்போனது எது, இங்கேயே இருந்தது எது என்று பிரிப்பது கஷ்டம்.

இனி இன்னொரு பக்கம். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி இருபது வருஷம் போராடிக் கொண்டுவந்தது. சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிய வேண்டியதுதான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் வழக்கம் ஒழிந்தபோது அதைச் சுமந்த பெண்களின் தொழிலும் சேர்ந்து போனது. பெயர் பரதநாட்டியம் என்று மாறியது. ஆடுகிறவர்கள் மாறினார்கள். ஆய்வாளர் மாத்யூ ஆலன் 1997இல் எழுதிய கட்டுரையில் ‘மறுமலர்ச்சி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஆள் மாற்றம், பெயர் மாற்றம், இட மாற்றம் எல்லாம் ஒளிந்திருக்கின்றன என்று பிரித்துக் காட்டினார். நட்டுவனார்கள் ஆசிரியர்களாகக் கொஞ்சகாலம் தேவைப்பட்டார்கள். பாடத்திட்டம் எழுதி முடிந்ததும் அந்தத் தேவையும் குறைந்தது. மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். எல்லாவற்றையும் ஆவணப்படுத்திவிட்டால், அதை எழுதித் தந்த ஆள் இல்லாமலும் கம்பெனி ஓடும்.

வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. சிருங்காரம் அழுக்கு, அதைக் கழுவி பக்தியாக்க வேண்டும் என்ற பார்வையைக் கடைசிவரை எதிர்த்தார். வேடிக்கை என்னவென்றால், அவருக்கும் ஒரு பல்கலைக்கழகம் கதவு திறந்தது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960களில் கற்பிக்கத் தொடங்கினார். அங்கே அவர் கொண்டுபோனது குடும்பத்தை. தம்பிகள் விசுவநாதனும் ரங்கநாதனும் கூட இருந்தார்கள். பாட்டும் மிருதங்கமும் நடனமும் ஒரே வீட்டு விஷயமாக, ஒரு பரம்பரையின் வாழ்முறையாக அந்த மாணவர்களுக்குக் கிடைத்தது. நிறுவனத்துக்குள் நின்றுகொண்டே நிறுவனத்துக்கு மாற்றான ஒன்றைச் சொல்லித்தந்தார்.

பாலேயும் ஓர் ஊர் ஆட்டம்தான்

அமெரிக்க மானுடவியலாளர் ஜோன் கியாலினோஹோமோகு 1970 வாக்கில் ஒரு கட்டுரை எழுதினார். பாலேயை ஓர் இனக்குழு நடனமாகப் பார்க்கும் கட்டுரை. அதுவரை நடன வரலாற்றுப் புத்தகங்களில் ‘நடனம்’ என்றால் பாலே. மற்றதெல்லாம் ‘இன நடனம்’. அவர் கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தார். பாலே மேடையில் என்ன இருக்கிறது? ஐரோப்பியத் தேவதைக் கதை, இளவரசன், திருமணம், அன்னம், அரசவை மரியாதை, முடிவில் பூங்கொத்து. அந்த ஊர்க்காரர்களின் சடங்கும் ரசனையும் ஆசையும்தான் இதெல்லாம். ஆகவே பாலேயும் ஓர் இனக்குழு நடனமே என்றார். இதில் பாலேவுக்கு அவமானம் ஒன்றுமில்லை. அதற்கும் ஓர் ஊர் உண்டு என்று சொன்னார், அவ்வளவுதான்.

இந்தக் கண்ணாடியை எங்கள் பக்கம் திருப்பினால் முதல் கேள்விக்குப் பதில் தெரிகிறது. தேவராட்டத்தை எடுத்துக்கொள்வோம். ராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தின் ஆட்டம். பாட்டு கிடையாது, தேவதுந்துபி என்று அவர்கள் அழைக்கும் உறுமிதான் எல்லாம். தலையில் கட்டு, காலில் சலங்கை, இரண்டு கையிலும் கைக்குட்டை. எளிய அடியில் தொடங்கி அடுக்கடுக்காகச் சிக்கலாகி வேகமெடுக்கும். வரிசை குலையாமல், ஒருவர் மூச்சு இன்னொருவருக்குத் தெரிகிற நெருக்கத்தில் ஆட வேண்டும். அடிப்படை அடி உண்டு, கோர்வை உண்டு, வயசுக்கு வந்தவர் சின்னவனுக்குச் சொல்லித்தரும் முறை உண்டு. இலக்கணம் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் நம் கல்வி அமைப்பில் பரதநாட்டியம் நடனத் துறைக்குப் போனது. தேவராட்டம் நாட்டுப்புறவியலுக்குப் போனது. முதலாவதை உடம்பால் கற்றுக்கொள்வார்கள். இரண்டாவதைக் கேமராவால் பதிவுசெய்வார்கள். ஒன்றுக்கு ஆசிரியர் உண்டு, இன்னொன்றுக்குத் தகவலாளி. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி மாதிரியான இடங்களில் நாட்டுப்புறவியல் துறை செய்திருக்கும் சேகரிப்பு அரிய உழைப்பு. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆட்டத்தைப் பற்றிப் படிப்பதும் அந்த ஆட்டத்தில் பட்டம் வாங்குவதும் ஒன்றா? முதலாவதில் முனைவர் பட்டம் ஆய்வு செய்தவருக்கு, ஆடியவருக்குப் பொன்னாடை.

அரசு கதவைத் திறக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கத்தோடு பரதநாட்டியமும் குறைந்த கட்டணத்தில் சொல்லித்தருகிறார்கள். பரதநாட்டியம் சபாவிலிருந்து சின்ன ஊர்வரை இறங்கி வந்திருப்பது நல்ல செய்தி. கரிசல் காட்டுப் பிள்ளை ஒன்று வர்ணம் ஆடினால் யார் வேண்டாம் என்றது? ஆனால் பயணம் ஒரே திசையில் இருக்கிறது. மையத்திலிருந்து ஓரத்துக்குப் பாடத்திட்டம் வருகிறது. ஓரத்திலிருந்து மையத்துக்கு ஒரு பாடமும் போகவில்லை.

அப்படியானால் துறை எதற்கு?

நிறுவனமே வேண்டாம், எல்லாம் பரம்பரையாகவே இருக்கட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பரம்பரை என்பது பிறப்பால் வரும் அனுமதிச்சீட்டு. தேவராட்டத்தையும் நெடுங்காலம் ஒரு சாதி, அதிலும் ஆண்களே ஆடினார்கள். அந்தக் கதவைத் திறக்க ஒரு வகுப்பறையால் முடியும். குருவின் அதிகாரத்துக்குக் கேள்வி கேட்கவும் நிறுவனம்தான் வழி. 2023இல் கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் புகார்களை முன்வைத்து வளாகத்தில் உட்கார்ந்து போராடியபோது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் குழு வந்தது. அதற்கே தெருவரை வந்து போராட வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் குருகுலத்தில் புகார் எழுதக் காகிதமே இருந்திருக்காது.

ஆகவே என் ஆசை எளியது. ஒரு நடனத் துறை தன் மையத்தில் பாலேயை வைத்துக்கொள்ளட்டும், பரதநாட்டியத்தை வைத்துக்கொள்ளட்டும். எதையும் ஆழமாகக் கற்க ஒரு மையம் வேண்டும். நாலு ஆட்டத்தை நாலு வாரம் தொட்டுப் பார்ப்பது படிப்பாகாது. ஆனால் முதல் வருஷத்திலேயே மாணவருக்கு அந்த மையம் எப்படி மையமானது என்று சொல்லிவிட வேண்டும். யார் பணம் கொடுத்தார்கள், யாருடைய பெயர் விடுபட்டது, யார் வீட்டிலிருந்து அடவு வந்தது என்று. இரண்டாவதாக, பக்கத்து ஊர் ஆட்டக்காரரைப் பேட்டி எடுக்கக் கூப்பிடாமல், சம்பளம் கொடுத்து ஆசிரியராகக் கூப்பிட வேண்டும். வெஸ்லியன் பாலசரஸ்வதியிடம் பட்டம் கேட்கவில்லை. மதுரை அரசு இசைக் கல்லூரியோ, 2013இல் சென்னையில் வந்த இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமோ ஒரு தேவராட்டக்காரரிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

நாலு வருஷம் பாதம் வளைத்து, அரைமண்டி உட்கார்ந்து, தேர்வு எழுதி வெளியே வரும் மாணவி ஒருத்தி, ஊர்ப் பொங்கலில் உறுமிச் சத்தம் கேட்டதும் காலால் கணக்குப் போட ஆரம்பித்தால் அந்தத் துறை ஏதோ உருப்படியாகச் செய்திருக்கிறது என்று அர்த்தம். “இது ஃபோக்” என்று செல்போனை எடுத்து வீடியோ பிடித்தால், அவளுக்கு இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி இருக்கிறது.